சாமையும் கிளை ஹோட்டல்களும்

உலகமெங்கும் ஒரே பெயர்ப் பலகையை மாட்டிக்கொண்டு, ஒரே பண்டத்தை ஒரே ருசியில் விற்கும் ஹோட்டல்களைப் பற்றி நான் ஏதாவது எழுத வேண்டும் என்று நண்பர் ஒருவர் இரண்டு புஸ்தகங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். தை மாதம் போளூருக்குப் போனபோது அவற்றையும் பையில் போட்டுக்கொண்டேன். ரயிலில் ஒன்றரைப் புஸ்தகம் முடிந்தது. மீதி அரையைப் படிப்பதற்குள் போளூர் பஸ் ஸ்டாண்டு எனக்கு வேறொரு பாடம் சொல்லிவிட்டது.

முதல் புஸ்தகம் ஜார்ஜ் ரிட்ஸர் என்ற அமெரிக்க சமூகவியல் பேராசிரியர் 1993-ல் எழுதியது. மக்டொனால்ட்ஸ் கடையை ஓர் உவமையாக வைத்துக்கொண்டு, உலகமே அந்தக் கடையைப் போல ஆகிவருகிறது என்கிறார். வேகம், எண்ணிக்கை, எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடியே கிடைப்பது, ஆளைக் கட்டுக்குள் வைப்பது என்று நான்கு லட்சணங்கள் சொல்கிறார். வேலையை யந்திரம்போல் ஒழுங்குபடுத்தினால் வேலை செய்கிறவனும் யந்திரமாகிவிடுவான் என்பது அவர் கவலை. கவலை நியாயமானதுதான். ஆனால் புஸ்தகம் முழுவதும் ஒரே சுருதியில் போகிறது. அந்தக் கடைகளின் பண்டத்தைப் போலவே, இரண்டாவது அத்தியாயத்திலேயே கடைசி அத்தியாயத்தின் ருசி தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது, ஜேம்ஸ் வாட்ஸன் பதிப்பித்து 1997-ல் வெளிவந்த தொகுப்பு. ஹாங்காங், பீக்கிங், தைபே, சியோல், டோக்கியோ ஆகிய ஐந்து நகரங்களில் மானிடவியல் அறிஞர்கள் அந்தக் கடைகளுக்குப் போய் உட்கார்ந்து பார்த்து எழுதியது. ஹாங்காங்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவதற்காகக் கட்டப்பட்ட கடையை ஊர்ஜனங்கள் சாவடியாக மாற்றிவிட்டார்கள். ஆகவே பயப்படாதீர்கள், ஜனங்கள் எதையும் தமதாக்கிக்கொள்வார்கள் என்பது இதன் கட்சி. இதிலே மனிதர்கள் நடமாடுகிறார்கள். அதனால் கதை எழுதுகிறவனுக்கு இது அதிகம் பிடிக்கிறது.

நம் நாட்டிலேயே இதற்கு அத்தாட்சி உண்டு. 1996-ல் டில்லியில் மக்டொனால்ட்ஸ் முதல் கடையைத் திறந்தபோது மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இல்லாமல்தான் திறந்தது. உலகத்தை வளைக்க வந்த கம்பெனி நம்மிடம் சற்று வளைந்துகொடுத்தது.

ஆனால் இரண்டு புஸ்தகங்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரண்டும் ஹோட்டலின் முன்வாசல் வழியாகவே போகின்றன. கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம்: சாப்பிடுகிறவனைவிடச் சமைக்கிறவனை, சமைக்கிறவனையும்விடக் கொல்லை வாசலில் மூட்டை இறக்குகிறவனைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

போளூர், ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஊர். ஜமுனாமரத்தூருக்கு மலையேறும் பஸ் இங்கிருந்து புறப்படுகிறது. மலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிகள் என்ற பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் அல்ல, மலையை ஆள்கிறவர்கள் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். அவர்கள் தொன்றுதொட்டுப் பயிரிடுவது சாமை. டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் பேரனோடு வந்து உட்கார்ந்தார். காலடியில் மூட்டை.

“என்ன பெரியவரே, மூட்டையிலே?”

“சாமைங்க. மண்டிக்குப் போவுது.”

“வீட்டிலே சாமைச் சோறுதானா?”

“அப்பல்லாம் அதாங்க. இப்ப யாரு குத்தறது? கார்டு அரிசி குடுக்கிறாங்க, அத ஆக்கித் துன்றோம். நாளு கெழமன்னா ஒருவாட்டி சாமை.”

அவர் சொன்னது சுருக்கமான சரித்திரம். சாமையின் உமியை நீக்குவது லேசான காரியமல்ல. உரலும் உலக்கையும் பெண்களின் தோள்பட்டையும்தான் அதற்கு யந்திரம். 2011 முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். குத்த வேண்டாத அரிசி சும்மா கிடைக்கும்போது உலக்கையைத் தூக்கு என்று அந்தப் பெண்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

அதே சமயத்தில் நகரத்தில் நடந்தது வேறு. இந்தியா கேட்டுக்கொண்டபடி ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. சென்னையில் பல கிளைகள் உள்ள ஹோட்டல் ஒன்றில் நான் சாமைப் பொங்கல் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. அன்று ஒரு தட்டுக்கு நான் கொடுத்தது, பெரியவர் ஒரு கிலோவுக்கு வாங்கப் போவதாகச் சொன்னதைவிட அதிகம். மலையில் விளைந்தது நகரத்தில் வைத்தியமாகிவிட்டது. விளைவித்தவன் வீட்டில் அது பண்டிகைப் பண்டமாகிவிட்டது. இந்த ஏற்றத்தாழ்வு அமெரிக்கக் கம்பெனி செய்ததல்ல. நாமே செய்தது.

உருளைக்கிழங்கின் கதையைப் பாருங்கள். நீளமாக, ஒரே மாதிரி வறுபட வேண்டும் என்பதற்காகக் குஜராத்தில் அதற்கேற்ற ரகம் பயிரானது. விவசாயிகளோடு ஒப்பந்தம், குளிர்சாதனக் கிடங்கு, தொழிற்சாலை எல்லாம் வந்தன. ஒப்பந்தத்தில் விவசாயிக்கு உள்ள கஷ்டங்கள் தனி. ஆனாலும் ஒரு கிழங்கின் விஷயத்தில் ஒரு வியாபாரி எடுத்துக்கொண்ட சிரத்தையில் பத்தில் ஒரு பங்கு நம் சாமைக்குக் கிடைத்திருந்தால், பெரியவர் உமியோடு மூட்டை தூக்கிக்கொண்டு மண்டிக்காரர் வாயைப் பார்த்து நிற்க வேண்டாம்.

இதற்குள் பேரன் எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக் கதவு, சிவப்பு விளக்கு, பொரித்த கோழி. உலகக் கம்பெனியின் கடையல்ல; அதன் சாயலில் யாரோ வைத்தது. “அங்க ஒரு துண்டு இன்னா வெல இருக்குங்க?” என்று பெரியவர் என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன். சற்று யோசித்துவிட்டு, மூட்டையை டீக்கடைக்காரர் பொறுப்பில் விட்டு, பையன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். கதவு திறந்தது. எந்த ஊர், என்ன ஜனம் என்று யாரும் கேட்கவில்லை.

பழைய ஹோட்டல்களுக்காகக் கண்ணீர் விடுகிற நம் விமரிசகர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஹோட்டல் பலகையில் ‘பிராமணாள்’ என்று எழுதியிருந்ததை எடுக்கச் சொல்லி 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் இயக்கத்தார் நாள் தவறாமல் மறியல் செய்து சிறை போக வேண்டியிருந்தது. டீக்கடைகளில் இரட்டைத் தம்ளர் இருந்ததும் நாம் அறிந்ததே. காசைத் தவிர வேறெதையும் கேட்காத கதவு, காசில்லாதவனுக்கு மூடிய கதவுதான். ஆனாலும் சாதி கேட்கும் கதவைவிட அது மேல். ரிட்ஸருடைய நான்கு லட்சணங்களில் இதற்கு இடமில்லை.

பெங்களூரில் 1995-ல் பொரித்த கோழி விற்கும் அமெரிக்கக் கடை வந்தது. மறு வருஷம் ஜனவரியில் கர்நாடக விவசாயிகள் சங்கத்தார் புகுந்து அதை உடைத்தார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கல் பட்டது கண்ணாடியில். கொள்முதல் விலையை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதே பெங்களூரில் அதற்கு முன்பே வேறொரு காரியம் நடந்திருக்கிறது. காப்பி போர்டு தன் காப்பி ஹவுஸ்களை மூட முனைந்தபோது, வேலை இழந்த ஸர்வர்களும் சமையற்காரர்களும் ஏ.கே. கோபாலன் போன்றவர்களின் துணையோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே நடத்த முன்வந்தார்கள். 1957-ல் பெங்களூரிலும் டில்லியிலும் தொடங்கியது. பல ஊர்களில் இன்றும் நடக்கிறது. அதுவும் கிளை ஹோட்டல்தான். ஒரே பெயர், தலைப்பாகை கட்டிய ஒரே மாதிரி ஸர்வர். ஆனால் கல்லாப் பெட்டியில் அந்த ஸர்வருக்குப் பங்கு உண்டு.

ஆகவே என் அபிப்பிராயம் இது. ஒரே ருசி உலகமெங்கும் பரவுவதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. நாக்கு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். என் கவலை, ருசி மலையேறும் அதே வழியில் விலை சொல்லும் உரிமையும் ஏறவில்லையே என்பதுதான். இரண்டு புஸ்தகங்களையும் நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டிலும் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. மூன்றாவதாக ஒன்றை யாராவது மண்டி வாசலில் உட்கார்ந்து எழுதவேண்டும்.

பெரியவர் வெளியே வந்தபோது பையன் கையில் காகிதப் பொட்டலம் இருந்தது. அவர் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மண்டிப் பக்கம் நடந்தார்.