எந்த ஏழையின் ஊட்டி?

'ஏழைகளின் ஊட்டி' – ஏற்காட்டுக்குச் சூட்டப்பட்டிருக்கும் பட்டம் இது. சுற்றுலாக் கையேடுகள் இதைச் சொல்லிச் சலித்ததே இல்லை. சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ 5,000 அடி உயரம். ஏரி உண்டு, படகு உண்டு, கோடை விழா உண்டு, மலர்க் கண்காட்சி உண்டு. உதகைக்குச் செல்ல வசதியற்றவரும் இங்கே வந்து குளிர்காற்று வாங்கலாம் என்பது பட்டத்தின் பொருள்.

நல்ல பொருள்தான். ஆனால், பகுத்தறிவாளர் பட்டத்தைக் கண்டு மயங்குவதில்லை, கேள்வி கேட்பர். எந்த ஏழை? விடுமுறைக்கு மலையேறி வரும் ஏழையா? அன்றி, மலையிலேயே பிறந்து, மலையிலேயே உழைத்து, மலையிலேயே மடியும் ஏழையா? முன்னவருக்கு விடுதி உண்டு, வழிகாட்டி உண்டு, கையேடு உண்டு. பின்னவருக்கு அந்தக் கையேட்டில் எத்தனை வரி? தேடிப் பாருங்கள், தோழர்களே! சேர்வராயன் கோயில் திருவிழாவைப் பற்றிய பகுதியில், பார்க்கத்தக்க காட்சிகளுள் அவரும் ஒரு காட்சியாக நின்றுகொண்டிருப்பார்!

இந்த எழுத்துமுறை நேற்றுத் தோன்றியதன்று. வெள்ளையர் காலத்து ஏடுகளிலேயே இதன் வேர் இருக்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், இம்மலையில் காப்பிப் பயிருக்கு வழிகோலினார். அதனால் அவர் 'ஏற்காட்டின் தந்தை' எனப் போற்றப்படுகிறார். தந்தை வருவதற்கு முன்பே பிள்ளைகள் அங்கே இருந்தனர் என்பதுதான் வேடிக்கை! சாமையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்த மலையாளி மக்கள் அவர்கள். கேரள நாட்டார் அல்லர். தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.

அவர்களைப் பற்றி ஆய்ந்தெழுதியவர் எட்கர் தர்ஸ்டன். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது அவருடைய 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்'. மூக்கின் அகலத்தை அளந்து மக்களை வகைப்படுத்த முற்பட்டவர் அவர். காஞ்சியிலிருந்து உடன்பிறந்தார் மூவர் வந்து மலைக்கொருவராய்ப் பிரிந்தனர் என்னும் பழங்கதை அந்நூலில் இருக்கிறது. மணமுறையும் சடங்கும் இருக்கின்றன. ஆனால், காப்பி மலையேறியபோது நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்பது அந்த ஆய்வின் மையக் கேள்வி ஆகவில்லை. மூக்கை அளந்த கோல் நிலத்தை அளந்திருந்தால், ஏகாதிபத்தியத்தின் உண்மை முகம் அன்றே தெரிந்திருக்கும்!

1947இல் கொடி மாறியது, துரை போனார். கணக்கு எழுதும் முறை மாறியதா? அதுதான் நம்முன் உள்ள கேள்வி.

1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம், கல்வி ஆகியவற்றை அது உரிமையாளரின் கடமையாக்கிற்று. வரவேற்க வேண்டிய சட்டமே. எனினும் தொடக்கத்தில் 25 ஏக்கருக்கும் 30 தொழிலாளருக்கும் குறையாத தோட்டங்களையே அது தொட்டது. சிறு தோட்டத்தில் கூலி செய்தவரும், தன் துண்டு நிலத்தில் நாலு செடி வைத்தவரும் சட்டத்தின் வாயிலுக்கு வெளியே நின்றனர்.

அடுத்து வந்தது அலுமினியம். மேட்டூரில் அமைந்த மதராஸ் அலுமினியம் கம்பெனி, இத்தாலியக் கூட்டுறவோடு 1965இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. அதற்கு வேண்டிய பாக்சைட் கனிமம் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டப்பட்டது. மண் மலையிலிருந்து இறங்கிற்று, மேட்டூரில் உலோகமாயிற்று, சந்தையில் பணமாயிற்று. மலைக்கு மிஞ்சியது? கூலியும் குழியும்! 2008ஆம் ஆண்டு இறுதியில் உருக்காலை நின்றது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோர்க்கென மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை அமைக்க வகைசெய்த சட்டத் திருத்தமோ 2015இல்தான் வந்தது. பந்தி முடிந்து ஏழாண்டு கழித்து இலை போட்டார்கள்!

இது ஏற்காட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அதே 1960களில், புதிதாக விடுதலை பெற்ற கானா நாடு வோல்டா ஆற்றில் அகோசோம்போ அணையைக் கட்டிற்று. சுமார் 80,000 மக்கள் வாழிடம் இழந்தனர். அணையின் மின்சாரத்தில் பெரும்பங்கு, அமெரிக்க முதலாளிகளின் அலுமினிய ஆலைக்குச் சென்றது. கானாவின் மண்ணில் பாக்சைட் இருந்தும், ஆலைக்கு வேண்டிய அலுமினா வெளிநாட்டிலிருந்து வந்தது! அணை கட்டிய நிக்ருமாவே 1965இல் 'புதிய காலனியம்' பற்றி நூல் எழுதினார். கொடி நம்முடையது, கஜானாச் சாவி பிறருடையது என்னும் நிலையை அது தோலுரித்தது. ஆனால், அந்தப் பாடத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. சாவி உள்நாட்டார் கைக்கு வந்துவிட்டாலும், அணையடியில் மூழ்கிய ஊரானுக்கும் வெட்டுண்ட மலையின் குடிக்கும் கணக்கில் இடமில்லையேல், அவருக்கு விடுதலை இன்னும் விடியவில்லை.

சட்டம் காக்கவில்லையா என்று கேட்பீர்கள். அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிக்காப்பு அளிக்கிறது. அத்தகைய பகுதிகளில் பழங்குடியினர் நிலத்தைத் தனியார் சுரங்கத்துக்குக் குத்தகைக்கு விடலாகாது என 1997இல், சமதா வழக்கில், உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிராம சபைக்கு அதிகாரம் வழங்கும் சட்டமும் 1996இல் அப்பகுதிகளுக்கு வந்தது. ஆனால், தமிழ்நாட்டில் ஒரு சிற்றூர்கூட ஐந்தாம் அட்டவணையில் சேர்க்கப்படவில்லை! 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களுள் மலையாளிகள் 3,57,980 பேர். ஏற்காடு பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. வாக்குக் கேட்கும்போது பழங்குடிப் பகுதி. காப்புக் கேட்கும்போது அன்று!

அரசு அவர்களிடம் எப்படிச் சென்றது என்பதற்கு வாச்சாத்தி சான்று. சித்தேரி மலையடியில், இதே மலையாளி மக்களின் ஊர் அது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் உள்ளே புகுந்தனர். வீடுகளைச் சூறையாடினர், பெண்கள் 18 பேரைச் சிதைத்தனர். குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது 2011இல். உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். பள்ளிக்கூடமாகச் செல்லவேண்டிய அரசு, தடியாகச் சென்றது. நீதி நடந்துவர 31 ஆண்டுகள்!

இங்கே நம்மையும் நாம் விமர்சித்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம். வடக்கு வளர்கிறது, தெற்கு தேய்கிறது என்ற கணக்கை நாட்டுக்கு எடுத்துச் சொன்ன இயக்கம் நமது. சேலத்துக்கு உருக்காலை வேண்டுமென்று 1967இல் எழுச்சி நாள் கொண்டாடினோம். நியாயமான கிளர்ச்சி, 1970இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதே கணக்கேட்டைச் சற்றே திருப்பிப் பிடித்தால் என்ன தெரிகிறது? சமவெளி வளர்கிறது, மலை தேய்கிறது! குறிஞ்சித் திணையின் பெருமையை மேடைதோறும் முழங்குகிறோம். கொல்லிமலை ஆண்ட ஓரியின் கொடையைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். அந்த மலைகளில் இன்று வாழ்பவர் பட்டாவுக்காகவும் சாதிச் சான்றுக்காகவும் அலுவலக வாயிலில் நிற்கும்போது, கைதட்டிய கைகள் எங்கே?

அலுமினியம் வேண்டாமா, காப்பி வேண்டாமா என்று சிலர் சீறக்கூடும். வேண்டும். தொழிலை வெறுப்பது பகுத்தறிவாகாது. இலாபத்தை ஒரு பக்கமும் இழப்பை மறுபக்கமும் எழுதி, இழப்புப் பக்கத்தைக் கிழித்தெறியும் கணக்கைத்தான் மறுக்கிறோம். பழங்குடியினர் பின்தங்கியதற்கு விதியும் சோம்பலும் காரணம் என்பாரையும் மறுக்கிறோம். விதி குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திடுவதில்லை, மனிதர் இடுகின்றனர்.

ஆகவே இளைஞர்களே, ஏற்காட்டுக்குச் செல்லுங்கள். ஏரியைப் பாருங்கள்; பிறகு ஊர்களுக்குள் நடந்து செல்லுங்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி எத்தனை குடும்பங்கள் பட்டா பெற்றன என்று கேளுங்கள். ஐந்தாம் அட்டவணையைத் தமிழ்நாட்டு மலைகளுக்கும் விரிவாக்கு என்ற குரலை மாநாட்டுத் தீர்மானமாக்குங்கள். மலையில் விளைவதை மலையிலேயே பதப்படுத்தி விற்க மலைமக்களின் கூட்டுறவு வலுப்பெறத் துணை நில்லுங்கள்.

'ஏழைகளின் ஊட்டி' என்ற பட்டத்தை அழிக்க வேண்டியதில்லை. அந்த மலையின் ஏழைக்கு அது சொந்தமாகும் நாளில், பட்டம் தானே பொருள் பெறும்.