அறிவு மையத்தின் சம்பளக் கணக்கு

புதுச்சேரியை அடுத்த எம்பலத்தில் கோயிலுக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்றில் தீட்டும் சாதியும் பார்த்தார்கள். மற்றது கணினி அறைக்குப் போனது. அதில் யார் வேண்டுமானாலும் நுழைய முடிந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் கனடா நிதியுதவியோடு தொடங்கிய கிராம அறிவு மையத் திட்டத்தின் விளைவு இது. இடமும் மின்சாரமும் ஊர் தரவேண்டும், தலித் மக்கள் உட்பட எல்லோரையும் அனுமதிக்க வேண்டும், நடத்துவதில் பெண்களுக்குப் பங்கு வேண்டும் என்பவை நிபந்தனைகள். ஊர் தானாக இப்படியொரு விதியைப் போட்டிருக்குமா? சந்தேகம்தான். ‘ஊரே நடத்தும் மையம்’ என்று பெருமையாகச் சொல்லும்போது, அதன் சிறந்த விதி வெளியிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். முதல் வாசலின் கட்டுப்பாடுகளை அந்த விதி தொடவில்லை.

தகவல் விஷயத்தில் திட்டம் உண்மையாகவே ஊரைக் கேட்டு நடந்தது. நெல் விலை, உர விலை, அரசு மருத்துவமனையில் டாக்டர் இருக்கும் நேரம், அரசுத் திட்டங்கள் என மக்கள் கேட்டவற்றை வில்லியனூர் நடுமையம் திரட்டி, வானொலிக் கருவி வழியாக மற்ற ஊர்களுக்கு அனுப்பியது. மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வலை பின்னிக்கொண்டிருப்பவர் எழுந்து வரவேண்டியதில்லை. எழுத்துத் தெரிய வேண்டியதுமில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. மையம் இருந்த இன்னொரு மீனவர் ஊரான நல்லவாட்டைச் சேர்ந்த, சிங்கப்பூரிலிருந்த இளைஞர் ஒருவர் ஊருக்குத் தொலைபேசியில் சுனாமி எச்சரிக்கை சொன்னார். பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியை இயக்கினார்கள். ஊர் கடற்கரையை விட்டு ஓடித் தப்பியது. இதைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்றே எல்லோரும் எழுதினார்கள். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, அது எதற்குப் பயன்படும் என்று ஊருக்கே பழகியிருந்ததுதான் இதில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆண்டுக்கணக்கான அன்றாட அறிவிப்புகள் இல்லாமல் அந்தப் பழக்கம் வந்திருக்காது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்த அன்றாட வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள். தொண்டாகவோ சொற்ப மதிப்பூதியத்துக்கோ உழைத்தவர்கள். ஆங்கில விசைப்பலகையில் தமிழ் தட்டச்சு செய்யப் பழகி, மையத்தால் அதிகம் கற்றவர்களும் அவர்களே. கல்யாணமோ நல்ல வேலையோ அமைந்தால் போய்விடுவார்கள். அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குவார். மின்வாரிய லைன்மேனையோ கிராம நிர்வாக அலுவலரையோ யாரும் சேவையாக வேலை பார்க்கச் சொல்வதில்லை. சமூகப் பங்கேற்பு என்ற அழகான பெயரில் பெண்களின் உழைப்பு மலிவாகக் கிடைத்தது என்றுதான் சொல்லவேண்டும்.

கட்டணம் வாங்கினால் இத்தகைய மையங்கள் நிலைக்கும் என்றார்கள். மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் 2001-இல் தொடங்கிய இணைய மையங்கள் அப்படித்தான் நடந்தன. சில ஆண்டுகளில் பல மூடப்பட்டன. 2007-க்குள் எல்லாக் கிராமங்களிலும் அறிவு மையம் என்ற தேசிய இயக்கமும் இலக்கைத் தொடவில்லை. மத்திய அரசு 2006-இல் ஒப்புதல் அளித்த பொதுச் சேவை மையங்கள் மட்டும் நாடெங்கும் பரவின. அங்கே ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் நடத்துபவருக்குக் காசு உண்டு. அதனால்தான் அவை பிழைத்திருக்கின்றன; அதனால்தான் அங்கே விண்ணப்பிக்க வருபவர் எதையும் கற்றுக்கொள்வது அரிது. “எனக்கு என்ன உதவி கிடைக்கும் தம்பி?” என்று ஒரு விதவை கேட்டால், பதில் சொல்ல அரைமணி ஆகும், கமிஷன் கிடையாது. பின்னால் வரிசை நிற்கிறது.

கையில் செல்போன் வந்தபிறகு இதெல்லாம் எதற்கு என்பவர்கள் உண்டு. விலையும் வானிலையும் செல்போனில் வரும்தான். ஓடிபி பழைய எண்ணுக்குப் போகிறது, ஆதாரில் பெயர் பிழை, விண்ணப்பம் ஏன் திரும்பியது என்று தெரியவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

தமிழ்நாட்டில் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டிய நூலகங்களில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. புதுக் கட்டடம் வேண்டாம். அவற்றில் ஒன்றைத் திறந்து, கணினியும் இணைய இணைப்பும் தந்து, ஊர்ப் பெண் ஒருவருக்கு மாதச் சம்பளத்தை ஊராட்சி தன் வரவுசெலவில் எழுதட்டும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கேளுங்கள்.