சுண்ணாம்பு சேர்க்காத பெருமை

விழுப்புரத்திலிருந்து செஞ்சிப் பக்கம் போனால் மண்டகப்பட்டு என்றொரு சிற்றூர் வரும். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். முகப்பில் தூண்கள், இரு ஓரத்திலும் வாயிற்காவலர், பின்சுவரில் வெறுமையாக நிற்கும் மூன்று அறைகள். பார்த்து முடிக்கப் பத்து நிமிடம் போதும். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டுதான் வேடிக்கையானது. கோயிலில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு முன், என்னவெல்லாம் இல்லை என்று அது பட்டியல் போடுகிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவும் சேர்க்காமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் இதை ஆக்கினான் என்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர்.

லினக்ஸ்காரர்களோடு பழகியவர்களுக்கு இந்தத் தொனி புதிதாக இராது. "என் சிஸ்டத்தில் டெஸ்க்டாப் சூழலே கிடையாது." "சிஸ்டம்டி இல்லாத டிஸ்ட்ரோ வைத்திருக்கிறேன்." "இன்ஸ்டாலர் இல்லாமல் டெர்மினலிலேயே போட்டேன்." கணினி என்ன வேலை செய்கிறது என்பது பேச்சில் கடைசியாகத்தான் வரும்.

இந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு படிக்கட்டு இருக்கிறது. புதியவர் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற எளிய டிஸ்ட்ரோவில் தொடங்குவார். கொஞ்சம் தேறியதும் ஃபெடோரா. பிறகு ஆர்ச். இன்னும் துணிந்தால் ஜென்டூ. எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்து தானே கம்பைல் செய்துகொள்வார். ஆள் முதிர முதிர டிஸ்ட்ரோவும் உயரும் என்பது நம்பிக்கை. பல ஆண்டுகள் இந்தப் படிக்கட்டில் நானும் ஏறினேன், இறங்கினேன், ஓரிரு முறை விழுந்தேன். அது முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அனுபவம் மாற்றுவது ஒன்று, படிக்கட்டு அளப்பது வேறொன்று.

டிஸ்ட்ரோ என்றால் என்ன என்று கேட்பவருக்கு மெஸ்ஸை உதாரணம் காட்டுவேன். அரிசி எல்லா மெஸ்ஸிலும் ஒன்றுதான். அதுதான் லினக்ஸ் கெர்னல். குழம்பு, பொரியல், பரிமாறும் நேரம், முதலாளியின் குணம் இவைதான் மெஸ்ஸுக்கு மெஸ் வேறுபடும். டெபியன், உபுண்டு, மின்ட் மூன்றும் மென்பொருள் பொதிகளை ஏப்ட் வழியாக எடுத்துத் தரும். ஃபெடோரா டிஎன்எஃப் வழியாக. ஆர்ச் பேக்மேன் வழியாக. டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப் பதிப்பு விடும், ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஆர்ச்சில் பதிப்பு என்பதே இல்லை. புதுப்பிப்பு நாள்தோறும் வந்துகொண்டிருக்கும். புதிதாக ஊருக்கு வந்த பையன் முதலில் மெஸ்ஸை ருசி பார்த்துத் தேர்வான். ஆறு மாதம் போனால் வயிற்றைக் கெடுக்காத இடமாகத் தேடுவான். வேலைக்குப் போன பிறகு, இரவு பத்தரைக்கும் திறந்திருக்கும் மெஸ்தான் அவனுக்கு நல்ல மெஸ்.

லினக்ஸிலும் இதே வரிசைதான். முதல் ஆண்டில் மாறுவதெல்லாம் முகப்புக்காக. க்னோம் முகப்பு பிடிக்கவில்லை என்று உபுண்டுவை அழித்துவிட்டு, கேடிஇ முகப்பு வேண்டும் என்று வேறொன்றை நிறுவுவோம். அழிக்காமலே, இருக்கும் டிஸ்ட்ரோவிலேயே கேடிஇயைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்ன அன்று அசடு வழியும். முகப்பு வேறு, டிஸ்ட்ரோ வேறு என்று புரிகிற அந்த நாள்தான் இந்தப் பயணத்தின் உருப்படியான முதல் படிப்பு என்பேன்.

டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ தாவுவதில் வேறு நன்மைகளும் உண்டு. நாலு முறை நிறுவியவருக்குப் பார்டிஷன் என்றால் பயம் போய்விடும். ஹோம் கோப்புறையைத் தனிப் பார்டிஷனில் வைக்கப் பழகுவார். பேக்கப் எடுக்காமல் ஒருமுறை படங்களை இழந்தவர் மறுமுறை எடுப்பார். ஆர்ச்சைக் கையால் நிறுவியவருக்குக் கணினி எப்படி எழுகிறது, வைஃபை டிரைவர் எங்கே ஏறுகிறது என்பது விரல் நுனியில் இருக்கும். 1999இல் ஜெரார்டு பீக்மன்ஸ் தொடங்கிய 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' இன்றும் நல்ல பாடப்புத்தகம். அதன்படி ஒரு முழு அமைப்பைக் கட்டிப் பார்த்துவிட்டு அழித்துவிடலாம், கற்றது அழியாது. இவற்றைவிடப் பெரிய ஆதாயம், எந்த மென்பொருளும் நம்மைக் கட்டிப்போட முடியாது என்ற தெம்பு. பிடிக்காவிட்டால் கிளம்பலாம், ஒரு மாலைப்பொழுது செலவு என்ற எண்ணம் விண்டோஸ் மட்டுமே தெரிந்தவருக்கு வருவது கடினம்.

மாற்றங்கள் எல்லாமே அனுபவத்தால் வந்தவை என்றும் எண்ணிவிட வேண்டாம். 2003இல் ரெட் ஹேட் நிறுவனம் தன் பொதுப் பதிப்பை நிறுத்தி ஃபெடோராவைத் தொடங்கியபோது ஒரு தலைமுறையே இடம் மாற நேர்ந்தது. 2011இல் உபுண்டு யூனிட்டி முகப்பைத் திணித்தபோது பலர் மின்ட்டுக்குப் போனார்கள். 2020 டிசம்பரில் சென்ட்ஓஎஸ் 8இன் ஆயுளை 2021 கடைசியோடு முடிப்பதாக அறிவித்தார்கள். சர்வர் நிர்வாகிகள் அதற்கு மாற்றான அல்மாவையும் ராக்கியையும் தேடி ஓடினார்கள். இவர்கள் எந்தப் படியிலும் ஏறவில்லை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார், காலி செய்தார்கள். மாறியவரின் முதிர்ச்சியை அளக்கிற பேச்சில் இந்தப் பாதிக் கதை காணாமல் போய்விடுகிறது.

படிக்கட்டின் மேல்படிகளையும் தட்டிப் பார்க்கலாம். உச்சியில் இருப்பதாகச் சொல்லப்படும் ஜென்டூவின் பொதி மேலாண்மைக் கருவியைக் கொண்டுதான் கூகுள் குரோம்ஓஎஸ்ஸைக் கட்டியது. அதை அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதப் பயன்படுத்துகிறார்கள். 2022இல் வந்த ஸ்டீம் டெக் விளையாட்டுக் கருவிக்குள் ஓடுவது ஆர்ச்சை அடிப்படையாகக் கொண்டது. டெர்மினலைத் திறந்தே பார்க்காமல் அதில் கார் ஓட்டுகிறார்கள். ஆர்ச்சுக்கே 2021இல் வழிகாட்டும் இன்ஸ்டாலர் வந்துவிட்டது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸோ பல ஆண்டுகளாக ஃபெடோராக்காரர். கெர்னல் வேலையைப் பார்க்கவிடாமல் குறுக்கே நிற்காத டிஸ்ட்ரோ போதும் என்கிற ரகம். படிக்கட்டு உண்மையானால் அவரை எந்தப் படியில் உட்கார வைப்பது?

நேரம் வீணாவதை நான் பெரிய குறையாகச் சொல்லமாட்டேன். கிரிக்கெட் பார்ப்பதிலும் நேரம் வீணாகிறது. என் மனக்குறை தமிழைப் பற்றியது. ஒவ்வொரு புது நிறுவலிலும் தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியில் திரும்பச் சேர்க்க வேண்டும். எழுத்துரு சரியாக விழுகிறதா, கொம்பும் காலும் இடம் மாறாமல் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எங்காவது பிசகினால் தாவுகிறவர் என்ன செய்வார்? அடுத்த டிஸ்ட்ரோவுக்குப் போய்விடுவார். ஒரே இடத்தில் இரண்டு ஆண்டு இருப்பவர்தான் அந்தப் பிழையைக் குறித்து அனுப்புவார், ஆறு மாதம் கழித்துத் திருத்தம் வந்ததா என்று பார்ப்பார், மெனுவில் அரைகுறையாக நிற்கும் தமிழ்ச் சொல்லை மாற்றி எழுதித் தருவார். க்னோமிலும் கேடிஇயிலும் லிப்ரே ஆபிஸிலும் இன்று நாம் காணும் தமிழ் இப்படித் தங்கியிருந்த சிலரின் கைவேலை. பத்து டிஸ்ட்ரோ பார்த்தவரின் அனுபவம் அகலமானது. ஆனால் அவர் விட்டுப்போன பத்து வீட்டிலும் அதே குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும்.

இன்னொரு குறை புதியவர்களைத் தாக்குவது. மேல்படியில் நிற்கும் உற்சாகத்தில், மூத்தவர் தான் வைத்திருப்பதையே கல்லூரி முதலாண்டு மாணவருக்கும் போட்டுக் கொடுப்பார். எனக்கும் அப்படி ஒருவர் வாய்த்தார். தொடர்ந்து புதுப்பிக்கிற வகை டிஸ்ட்ரோ அது. ஒரு கருத்தரங்கின் காலையில் புதுப்பிப்பு கொடுத்தேன். மதியம் புரொஜெக்டரில் கறுப்புத் திரை. குறை டிஸ்ட்ரோவில் இல்லை. அறிவிப்பைப் படித்துவிட்டுப் புதுப்பிக்க வேண்டும் என்பது அதன் வழக்கம். அது எனக்குத் தெரியாது, சொல்லித்தர அவர் அன்றைக்கு ஊரில் இல்லை.

சொல்லித்தர ஆள் இல்லாமல் போனால் எவ்வளவு பெரிய முயற்சியும் என்னாகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2006, 2007 வாக்கில் உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அதே காலத்தில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடம் தந்த டிஸ்ட்ரோ அது. 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கான அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்து, எது வேண்டுமோ அதில் நுழையும்படி தந்தார்கள். ஒரு டிஸ்ட்ரோவுக்கு உலகில் எங்கும் எளிதில் கிடைக்காத வாய்ப்பு! நடந்தது என்ன? "லினக்ஸ் எதுக்குப்பா, இடத்தை அடைச்சுக்கிட்டு" என்று சர்வீஸ் கடையில் அழித்து, விண்டோஸ் மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். ஊருக்கு ஊர் நடந்த கதை இது. பாஸ் மோசமான டிஸ்ட்ரோ என்று நான் நினைக்கவில்லை. அதன் அடியில் இருந்த டெபியனைத்தான் உலகின் எத்தனையோ சர்வர்கள் நம்பியிருக்கின்றன. மாணவர் ஒரு சந்தேகம் கேட்டால் பள்ளியில் பதில் சொல்ல ஆள் இல்லை, கடையிலும் இல்லை. எல்லையைத் தாண்டினால் கேரளத்தில் வேறு கதை. அங்கே ஐடி அட் ஸ்கூல் திட்டம், இப்போது கைட் என்று பெயர், பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே டிஸ்ட்ரோவைத் தருகிறது. முதலில் டெபியன் வழியில், பின்னர் உபுண்டு வழியில் அமைத்தார்கள். மென்பொருளை அனுப்பியதோடு நிறுத்தாமல் ஆசிரியர்களை உட்காரவைத்துப் பயிற்சி தந்தார்கள். அடித்தளமே மாறியும் மாணவர் தடுமாறவில்லை, ஏனென்றால் ஆசிரியர் மாறவில்லை.

தமிழ்நாட்டில் அரசு விட்ட அந்த இடத்தைத் தன்னார்வலர்கள் தங்களால் இயன்ற அளவு நிரப்புகிறார்கள். விழுப்புரம் க்னு/லினக்ஸ் பயனர் குழு பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் கட்டற்ற மென்பொருளைச் சொல்லித்தருகிறது. 2012இல் தொடங்கிய 'கணியம்' இதழ் தமிழிலேயே லினக்ஸ் கட்டுரைகளை வெளியிட்டு வருகிறது. ஒரு காலத்தில் உபுண்டு குறுந்தகடு இலவசமாகத் தபாலில் வீடு தேடி வந்தது. 2011இல் அதை நிறுத்திவிட்டார்கள். இன்று ஒரு டிஸ்ட்ரோவின் நிறுவல் கோப்பு சில ஜிபி போகிறது. கைப்பேசி டேட்டாவை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் வாரம் ஒன்று பதிவிறக்கித் தாவிப் பார்ப்பது நடக்கிற காரியமா? பக்கத்தில் யாரிடம் பென் டிரைவ் இருக்கிறதோ அவருடைய டிஸ்ட்ரோதான் இங்கே முதல் டிஸ்ட்ரோ. நகரத்துப் படிக்கட்டுக்காரர்கள் இதை அறியாமை என்பார்கள். நான் இதைத்தான் சரியான தேர்வு என்பேன்.

பல ஆண்டு தாவியவர்கள் கடைசியில் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்தால், என் வட்டத்தில் பெரும்பாலும் டெபியன், அல்லது தொடங்கிய இடமான மின்ட். இதைத் தோல்வி என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குப் பதில் சொல்ல விழுப்புரம் மாவட்டத்திலேயே பனைமலை இருக்கிறது. மகேந்திரனுக்கு நான்கு தலைமுறை பின்வந்த இராசசிம்மன் அங்கே குன்றின்மேல் கோயில் எடுத்தான். பாறையைக் குடையவில்லை, கல்மேல் கல் வைத்துக் கட்டினான். குடையத் தெரியாமலா? அதற்குள் மாமல்லபுரத்தில் பாறையை எத்தனை விதமாகக் குடையலாம் என்று பல்லவர்கள் காட்டிவிட்டார்கள். வேண்டிய இடத்தில், வேண்டிய உயரத்தில் கோயில் வேண்டுமென்றால் கட்டுவதுதான் வசதி. மின்ட்டுக்குத் திரும்பியவரும் பழைய மின்ட்காரர் இல்லை. முன்பு அவருக்கு அது மட்டும்தான் தெரியும். இப்போது அது போதும் என்று தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு திரையும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஆகவே டிஸ்ட்ரோ தாவுவதை நான் இரண்டு மூன்று முறைக்குப் பரிந்துரைப்பேன், அதுவும் ஓர் உதிரிக் கணினியில். படிப்பும் பிழைப்பும் ஓடும் கணினியில் வேண்டாம். யாருடைய திறமையையும் அவர் டிஸ்ட்ரோவை வைத்து அளக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத மடிக்கணினிகள் எத்தனையோ வீடுகளில் அலமாரி ஏறிக்கொண்டிருக்கின்றன. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால், எது சிறந்த டிஸ்ட்ரோ என்று தேடி ஒரு வாரத்தைக் கழிக்க வேண்டாம். லினக்ஸ் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள், அவர் வைத்திருப்பதையே போடச் சொல்லுங்கள், அவர் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். போவதற்கு முன் குடும்பப் படங்களையும் சான்றிதழ் நகல்களையும் மறக்காமல் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள்.