ஊருக்கு இரண்டு மதிப்பெண்

தமிழ்நாட்டுப் பிளஸ் டூ தேர்வில் பாடத்துக்கு 100 மதிப்பெண். இயற்பியல், வேதியியல் போன்ற பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. வரலாற்றில் செய்முறை கிடையாது. எழுத்துத் தேர்வுக்கே 90. மிச்சமுள்ள அகமதிப்பீட்டுப் பத்தில், ஒப்படைவு, செயல்திட்டம், களப்பயணம் எல்லாம் சேர்ந்து 2. நாட்டு நலப்பணித் திட்டம் உள்ளிட்ட இணைச்செயல்பாடுகளுக்கு இன்னொரு 2. வரலாற்றுக் குரூப் மாணவி தன் ஊரை எவ்வளவு ஆழமாக ஆராய்ந்தாலும் பள்ளி அதற்குத் தரும் விலை இவ்வளவுதான்.

இந்த நிலையில், பள்ளி சொல்லித்தரும் கலைப் பாடங்களையும் அது செய்யவைக்கும் தொண்டையும் மாணவர்களே ஆராய்வது பயன் தருமா? மூன்று கேள்விகளால் அளக்கலாம். ஆய்வுக் கேள்வியை எழுப்பியது யார்? கிடைத்த விடையைச் சரிபார்த்தது யார்? முடிவு யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது?

முதலில் நாட்டு நலப்பணித் திட்டம். 1969இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, தத்தெடுத்த ஊரில் ஏழு நாள் முகாம். வேறு தெருவையே பார்த்திராத பிள்ளைகளை அது இன்னொரு ஊரில் தங்கவைக்கிறது. அந்தப் பலனைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் என்ன வேலை என்பது பெரும்பாலும் முகாமுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது: பார்த்தீனியம் பிடுங்குவது, கோயில் வளாகம் பெருக்குவது, மரக்கன்று நடுவது, பேரணி போவது. புகைப்படம் ஒட்டிய அறிக்கை மேலே போகிறது. ஊருக்குத் திரும்பி வருவதில்லை. மூன்று கேள்விகளில் ஒன்றிலும் அது தேறவில்லை.

அடுத்தது தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1993 முதல் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து உள்ளூர்ச் சிக்கலை எடுத்து, கணக்கெடுத்து, நடுவர்கள் முன் வாதாடினார்கள். தமிழ்நாட்டில் இதற்குத் தோள்கொடுத்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆய்வு வராது என்ற வாதம் இங்கே உடைகிறது. இதற்கு இணையான மேடை வரலாற்றுக்கும் பொருளியலுக்கும் அமையவில்லை என்பதே குறை.

விதிவிலக்கும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில் மாணவர்கள் கல்வெட்டு படிக்கவும் படியெடுக்கவும் பழகினார்கள். தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகற்கள் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் கண்ணில்தான் பட்டன. ஆனால் கல்லைப் படிப்பதில் ஒரு வசதி இருக்கிறது, கல் கோபித்துக்கொள்ளாது. உயிரோடிருக்கும் மனிதரின் கூலியைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்களும் உயிரோடிருக்கிறார்கள். தொன்மை மன்றங்கள் பெரும்பாலும் அந்த எல்லைக்கு இப்பாலேயே நின்றுவிடுகின்றன.

அதே தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரில் அந்த எல்லையைத் தாண்டாமல் எதையும் ஆராய முடியாது. விடியுமுன் ஜீப் ஏறிப் போடிமெட்டு வழியாக இடுக்கித் தோட்டங்களுக்கு ஏலக்காய் எடுக்கப் போய், இருட்டும் நேரத்தில் இறங்குகிறவர்களின் பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். அந்தக் காய் போடியில் தரம் பிரிக்கப்பட்டு, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விலை போகிறது. பாடப் புத்தகத்தில் மொழிவாரி மாநிலப் பிரிவினை 1956 என்ற ஆண்டாக வருகிறது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போன அந்தப் பிரிவினையைத்தான் இந்த ஜீப் தினமும் கடந்து போகிறது. மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழித் தொட்டிகளில் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்கு வந்தது. 1924 வெள்ளம் மலைமேல் ஓடிய சிறு ரயிலை அழித்தது. ஆங்கிலேயர் கால ரயில்வே குறித்து ஐந்து மதிப்பெண் விடை எழுதுகிற மாணவருக்கு, 2010 முடிவில் நின்ற போடி ரயில் 2023 ஜூன் வரை திரும்பாததால் யாருக்கு என்ன செலவானது என்று கேட்கத் தோன்றுவதில்லை. அப்படிக் கேட்கப் பள்ளி சொல்லித்தந்ததா என்பதே அதை மாணவர்கள் ஆராயும்போது எழ வேண்டிய முதல் கேள்வி.

தொண்டுக்கும் இதே சோதனை பொருந்தும். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி என்ற மாநில அரசுத் திட்டம், தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தந்தது. அது தொண்டா, குறைகூலி வேலையா? 2018 மார்ச் 11 அன்று போடிக்கு அருகே குரங்கணி மலைத் தீயில் சிக்கியவர்களை மீட்க முதலில் ஓடியவர்களில் மலையடிவார மக்களும் உண்டு. அவர்கள் எந்த முகாம் பதிவேட்டிலும் தன்னார்வலர்கள் அல்ல. தொண்டு என்று பள்ளி எதைக் கணக்கில் எடுக்கிறது, எதை விடுகிறது என்பதும் ஆய்வுப் பொருள்தான்.

இந்த யோசனைக்கு வரும் மறுப்புகளில் இரண்டு வலுவானவை. தலைமையாசிரியரின் கீழிருக்கும் மாணவர் தன் பள்ளியை நேர்மையாக எடைபோட முடியுமா? தனியாக விட்டால் முடியாது; பாராட்டுரைதான் வரும். இரண்டாவது இதைவிடக் கனமானது. கூலியும் ஜீப்பில் ஏறும் தலைக்கணக்கும் பெயரோடு அறிக்கையில் ஏறினால், மறுநாள் வேலைக்கு அழைக்கப்படாமல் போவது மாணவரின் அம்மாவாக இருக்கலாம். பெயர், தோட்டம், வண்டி எதுவும் எழுதுவதில்லை என்ற விதி இல்லாமல் இந்த ஆய்வில் இறங்கக் கூடாது. தேர்வு நெருக்கடி என்ற மூன்றாவது மறுப்பு பலவீனமானது. வேதியியலுக்குச் செய்முறை நேரம் ஒதுக்கத் தெரிந்த கால அட்டவணைக்கு வரலாற்றுக்கு ஒதுக்கத் தெரியாது என்பதை ஏற்க முடியாது.

ஆகவே என் தீர்ப்பு இரண்டு பகுதி. இன்று நடப்பது ஆய்வும் அல்ல, முழுமையான தொண்டும் அல்ல, பதிவேட்டுக்காக நடப்பது. ஆனால் யோசனை தேறுகிறது, மூன்று நிபந்தனைகளோடு. கேள்வி மாணவர்களுடையதாக இருக்கட்டும். சரிபார்ப்பவர் பள்ளிக்கு வெளியிலிருந்து, பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறையிலிருந்து வரட்டும். அறிக்கை, பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் வாய்விட்டுப் படிக்கப்படட்டும். காய் எடுக்கப் போகிறவர்கள் வந்து உட்காரக்கூடிய நேரத்தில் அந்தக் கூட்டம் நடக்கட்டும். இவற்றுக்குப் பிறகும் மதிப்பெண் 2 என்றே இருந்தால் ஆசிரியரும் மாணவரும் அதை இரண்டு மதிப்பெண் வேலையாகவே செய்வார்கள். வேதியியல் ஆய்வகத்துக்குத் தரும் 20ஐ ஊருக்கும் தர வேண்டும். அரசாணை ஒன்று போதும். புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை.