'சுராங்கனி': ஒரு பாட்டின் வெற்றியும் இருமொழியின் பாரமும்

சனரஞ்சகப் பாடல்களைப் பற்றிப் பேசும் நம்மவர் இரண்டு வகையினர். ஒரு சாரார் அவற்றை மேலைநாட்டுக் கேளிக்கையின் எச்சில் என்று ஒதுக்கிவிடுகின்றனர். மற்றொரு சாரார், பலரும் விரும்புகின்றனர் என்ற ஒரே காரணத்தைக் கொண்டு அவற்றை மக்கள் கலை என்று போற்றிவிடுகின்றனர். முன்னவர் பாட்டைக் கேட்க மறுக்கின்றனர்; பின்னவர் அதனைப் பரிசீலிக்க மறுக்கின்றனர். ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய 'சுராங்கனி' இவ்விரு அநீதிகளுக்கும் ஒருங்கே உள்ளான பாட்டு.

1970களில் ஈழத்துத் தமிழ்ப் பொப் இசை என்று பெயர்பெற்ற அலையில் எழுந்தது அது. இசைத்தட்டு, வானொலி, மேடை என்னும் மூன்று வழிகளாலும் பரவியது. சிங்களமும் தமிழும் கலந்த அப்பாட்டு இன்றும் வெள்ளவத்தைத் திருமண மண்டபங்களில் ஒலிக்கிறது. கொட்டாஞ்சேனையில் கூடிப் பாடும் இளைஞரிடத்தும் ஒலிக்கிறது. கடல் கடந்து பாடகரின் பெயரையே மாற்றியமைத்த பெருமையும் அதற்குண்டு. தமிழ்நாட்டில் அவர் 'சிலோன் மனோகர்' ஆனார். 1972இல் நாடு 'சிலோன்' என்ற பெயரைக் களைந்துவிட்ட பின்னரும், 2018 சனவரியில் சென்னையில் காலமாகும் வரை, அப்பழைய பெயர் அவரைத் தொடர்ந்தது. இத்தகைய வர்த்தக வெற்றி எதனால் விளைந்தது? அவ்வெற்றி நமக்கு எதனைத் தந்தது, எதனை மறைத்தது? இவ்வினாக்களை எழுப்புவது விமரிசனத்தின் கடமையாகும்.

முதலில் இசையை நோக்குவோம். பாட்டின் உடல் பைலா. 1505இல் இலங்கைக் கரைக்கு வந்த போர்த்துக்கேயர் 1658இல் முற்றாக வெளியேற்றப்பட்டனர். ஆயினும் அவர்களுடைய ஆட்டப் பாட்டு கரையோரத்தில் எஞ்சி நின்றது. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் தாளமும் அதனோடு சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் வொலி பஸ்தியன் அதற்குச் சிங்களச் சொல் கொடுத்து நகர மக்களின் சொத்தாக்கினார். 1960களின் பிற்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்தன, அனஸ்லி மாலேவன ஆகியோரின் மூன்ஸ்டோன்ஸ் குழு கிற்றாரும் கூட்டுக் குரலுமாகச் சிங்களத்தில் புதிய இளைஞர் இசையை நிலைநாட்டியது. தமிழில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார். மாமியை விளித்து அவள் மகளை விசாரிக்கும் அந்தக் குறும்பு, ஏட்டுத் தமிழின் குறும்பன்று. ஒழுங்கையில் நின்று கேட்கும் குறும்பு.

ஆகவே இவ்விசையை வெறும் மேலைநாட்டுப் போலி என்பது பொருந்தாது. துறைமுக நகரில் பல இனத்தாரும் தோளோடு தோள் உரசி வாழ்ந்த வாழ்க்கையின் விளைவு அது. தாளம் உடலை அசைக்கிறது, பல்லவி மீண்டும் மீண்டும் வருகிறது, சொற்கள் சிலவே. முதன்முறை கேட்பவனும் இரண்டாம் முறை உடன்பாடலாம். கற்றவனுக்கும் கல்லாதவனுக்கும் அங்கே வேற்றுமையில்லை. பாட்டின் வெற்றியில் ஒரு பாதிக்குக் காரணம் இந்தச் சனநாயகமே.

மறு பாதிக்குக் காலம் காரணம். 1970 முதல் 1977 வரை ஆண்ட ஐக்கிய முன்னணி அரசாங்கம் இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளின் வருகையும் அக்கட்டுப்பாட்டுக்குள் அடங்கியது. அதுவரை சென்னையின் மிச்சத்தை உண்டு வாழ்ந்த ஈழத்து வாசகனுக்கு உள்ளூர் எழுத்துத் தேவைப்பட்டது. வீரகேசரிப் பிரசுரங்களாக ஈழத்து நாவல்கள் தொடர்ந்து வெளிவந்தது அக்காலத்தில்தான். நாவலுக்கு உதவிய அதே சூழ்நிலை பாட்டுக்கும் உதவியது. தன் ஊர்ப் பேச்சும் தன் ஊர் வேடிக்கையும் இசைத்தட்டில் ஏறும் என்று ஈழத்துத் தமிழ் இளைஞன் அப்பொழுதுதான் கண்டான்.

இவ்விடத்தில் நம்மவர் பழைய வாதமொன்றை நினைவுகூர வேண்டும். 1960களின் தொடக்கத்தில் எழுந்த மரபுப் போராட்டத்தின்போது, கதைகளில் உழைக்கும் மக்களின் பேச்சு இடம்பெறுவதைப் பண்டிதர்கள் 'இழிசனர் வழக்கு' என்று பழித்தனர். முற்போக்கு எழுத்தாளர் அதனை எதிர்த்து நின்றனர். மக்களின் மொழிக்கு இலக்கியத்தில் உரிமை வாங்கித் தந்தனர். அவ்வாதத்தின் நியாயம் கதையோடு நின்றுவிடலாமா? கதையில் மீனவன் பேசினால் யதார்த்தம், பாட்டில் பேசினால் மலினம் என்று கொள்வது எவ்வகையில் பொருந்தும்? பொப் பாடலைக் கேளாமலே தள்ளுபவன் அன்றைய பண்டிதரின் நாற்காலியில் அமர்ந்துவிடுகிறான்.

எனினும் கேட்டபின் குறை காண நமக்கு உரிமையுண்டு. 'சுராங்கனி' மீனைப் பற்றிய பாட்டு. சுராங்கனிக்காகக் கொண்டுவரப்பட்ட மீனே அதன் பொருள். ஆனால் அம்மீனைப் பிடித்தவனின் கடல் எங்கே? வலை எங்கே? சம்மாட்டியின் கணக்கு எங்கே? மீன் கரைக்கு வந்து குவிந்துவிட்ட பிறகே பாட்டுத் தொடங்குகிறது. சுராங்கனியும் வாய் திறப்பதில்லை. அவள் அழைக்கப்படுகிறாள், அவ்வளவுதான். உழைப்பை நீக்கி உற்சாகத்தை மட்டும் எடுத்துக்கொள்வது வர்த்தகக் கலையின் இயல்பு. இதே மனோகரன் 1978இல் வெளிவந்த 'வாடைக்காற்று' திரைப்படத்தில் நடித்தார். செங்கை ஆழியானின் நாவலை அடியொற்றிய அப்படத்தில் கடற்றொழிலாளரின் வாழ்வும் பகையும் கதைப்பொருளாயின. பாட்டு விட்டுவிட்ட கடல் அங்கே வந்தது. ஆயினும் நாடு அவரை நினைவில் வைத்திருப்பது அப்படத்துக்காகவன்று, பாட்டுக்காகவே. எந்தப் பண்டம் விலைபோகும் என்பதைச் சந்தை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இனி இப்பாட்டின் தலையாய சிறப்பாகப் பலரும் கூறும் இருமொழிக்கு வருவோம். இரு மொழிகள் ஒரே பாட்டில் கைகோத்து ஆடுகின்றன, ஆகவே இது இன ஒற்றுமையின் கீதம் என்பர். அக்கூற்றை ஆண்டுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1976இல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமான இளையராஜா, 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இதே சுராங்கனியைத் திரைப்பாட்டாக்கினார். மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாடினர். தமிழ்நாட்டு ரசிகனுக்கு அதன் சிங்களச் சொற்கள் பொருளற்ற, வேடிக்கையான ஒலிகளாயின. அதே 1977இன் ஓகஸ்ட் மாதத்தில் இலங்கையில் தமிழர் தாக்கப்பட்டனர். தோட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் விரட்டப்பட்டனர். 1983 யூலையில் வெள்ளவத்தையின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வழிமறித்த கும்பல்கள் சிங்களச் சொற்களை உச்சரிக்கச் செய்து தமிழரை இனங்கண்டன என்பது இந்நாட்டுக் கலவரங்களின் வரலாற்றில் பதிவாகியுள்ளது. மேடையில் தமிழனின் நாவில் ஏறிய சிங்களம் கைதட்டல் பெற்றது. வீதியில் அதே நாவு சற்றே பிறழ்ந்தால் உயிர் போயிற்று. ஒற்றுமையின் கீதம் என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் இவ்வுண்மைக்கு விடை கூறட்டும்.

பாட்டைக் குற்றஞ்சாட்டுவது நமது நோக்கமன்று. பாட்டு எவரையும் கொல்லவில்லை. நாம் கேட்பது, இருமொழியின் பாரத்தை யார் சுமக்கின்றனர் என்பதே. இந்நாட்டில் தமிழன் சிங்களம் பயில்வது பிழைப்பின் கட்டாயம்; சிங்களவன் தமிழ் பயில்வது பெரும்பாலும் அவனவன் விருப்பம். ஒரு புறம் கட்டாயமும் மறு புறம் விருப்பமுமாக இருக்கும் வரை, இருமொழிப் பாட்டில் கலப்பு இருக்கலாம், சமத்துவம் இராது.

இதில் இடதுசாரி இயக்கமும் தன் பங்கை ஒப்புக்கொள்ள வேண்டும். 1933இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சிங்களத் தொழிலாளரும் இந்தியத் தொழிலாளரும் ஒரே வரிசையில் நின்றனர். அப்போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா. இருமொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரு நாடு என்று தனிச் சிங்களச் சட்டத்தின் காலத்தில் எச்சரித்தவரும் அவரே. அவரே அமைச்சராக இருந்து உருவாக்கிய 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 1956இன் தனிச் சிங்கள ஏற்பாட்டுக்கு அரசியலமைப்பின் பலத்தைக் கொடுத்தது. ஆக, இளைஞர்கள் இரு மொழியிலும் பாடத் தொடங்கிய அதே ஆண்டுகளில், இடதுசாரிகள் பங்குகொண்ட அரசு ஒரு மொழியை மட்டும் உயர்த்தி வைத்தது. கிற்றார் பிடித்த பையன்கள் கண்ட நாடு, சட்டம் வரைந்த மேதைகளின் கண்ணுக்குப் புலப்படாமற் போனது நமது வரலாற்றின் பெருந்துயரங்களுள் ஒன்று.

1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் ஏட்டில் உள்ளது நடைமுறையில் உண்டா என்பதை இன்னொரு பாட்டைக் கொண்டு அளந்து பார்க்கலாம். தேசிய கீதத்துக்குப் புலவர் மு. நல்லதம்பி செய்த தமிழ் வடிவம் உண்டு. 2016 பெப்ரவரி 4ஆம் நாள், அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின், சுதந்திர தின விழாவில் அது பாடப்பட்டது. 2020இன் விழாவில் அது விடப்பட்டது. சேர்ப்பதும் நீக்குவதும் அவ்வப்போதைய ஆட்சியாளரின் மனப்போக்கைப் பொறுத்ததாயிற்று. கேளிக்கையில் தமிழ் கலந்தால் அனைவரும் ஆடுகின்றனர்; உரிமையாகத் தமிழ் ஒலித்தால் சிலர் எழுந்து ஆட்சேபிக்கின்றனர்.

2021இல் யொஹானி பாடிய சிங்களப் பாட்டொன்று இந்தியா முழுவதும் பரவியது. தமிழ்நாட்டு இளைஞரும் பொருளறியாமலே அதனைப் பாடினர். ஒலி எல்லை கடப்பது இன்று முன்னைவிட எளிது. பொருள் எல்லை கடப்பதோ இன்னும் கடினமாகவே உள்ளது. ஒலிக்குச் சந்தை இருக்கிறது. பொருளுக்கு மொழியும் கல்வியும் சமமான உரிமையும் வேண்டும்.

ஆசிரியர்களாகவும் மாணவர்களாகவும் உள்ள நம் வாசகர் இப்பாட்டை வெட்கத்தோடு கேட்க வேண்டியதில்லை. மயக்கத்தோடு கேட்பதும் போதாது. அதனை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம். தமிழ் மாணவர் அதன் சிங்களச் சொற்களின் பொருளை அறியட்டும். சிங்கள மாணவரும் அதன் தமிழ்ச் சொற்களின் பொருளைக் கேட்டறியட்டும். அந்த இரண்டாவது வேலை இந்நாட்டில் இன்னும் ஒழுங்காகத் தொடங்கப்படவில்லை. அது தொடங்கும் நாளில், 'சுராங்கனி' ஓர் ஒற்றுமைப் பாட்டு என்று சொல்ல நமக்கு நியாயம் பிறக்கும்.