கையூட்டு வாங்காத நீதிபதி

அரசு ஊழியரின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர் நினைவுக்கு உடனே வருவது கையூட்டுத்தான். அது இயல்பே. பட்டா மாறுதலுக்கும் விதவை உதவித்தொகைக்கும் ஏழைகள் விலை கொடுக்க நேர்வது அவர்கள் வயிற்றில் அடிக்கும் கொடுமை. லூக்கா நற்செய்தியின் 3ஆம் அதிகாரத்தில் வரிதண்டுவோருக்குத் திருமுழுக்கு யோவான் வகுத்துக் கொடுத்த நெறியும் இதைத் தொட்டதே: விதிக்கப்பட்டதற்கு மேல் தண்டலாகாது. ஆனால் அந்நெறியை இம்மியும் பிசகாமல் கடைப்பிடித்த ஓர் அதிகாரி, அதனாலேயே நல்லவராகி விடுகிறாரா?

இக்கேள்வியைக் கூர்மையாக எழுப்பியவர் டால்ஸ்டாய். 1886இல் வெளிவந்த அவருடைய 'இவான் இலியிச்சின் மரணம்' என்னும் குறுநாவலைச் சாவைப் பற்றிய நூலாகவே பலரும் படிக்கின்றனர். தியான உரைகளிலும் அப்படித்தான் எடுத்தாள்கின்றனர். அரசுப் பணியின் அறத்தைப் பற்றிய நூலாகவும் அதைப் படிக்க இடமுண்டு. அப்படிப் படிக்கும்போது அதன் பெருமையும் தெரிகிறது; அதில் உள்ள ஒரு குறையும் தெரிகிறது.

ருஷ்யாவில் 1864இல் நீதித்துறை சீர்திருத்தப்பட்டபோது புதிய மன்றங்களில் பணியேற்ற முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் இவான் இலியிச். ஆளுநரின் தனி அலுவலர், விசாரணை நடுவர், அரசு வழக்கறிஞர், நீதிமன்ற உறுப்பினர் என்று படிப்படியாக உயர்ந்து, 45ஆம் வயதில் இறக்கிறார். அவருடைய தந்தை ஒருவகை அதிகாரி. தேவையற்ற அலுவலகங்களில் தேவையற்ற பதவி வகித்து, சம்பளத்தை மட்டும் தேவைக்கு மேல் பெற்றவர். மகன் அப்படியல்லர். உழைப்பாளி, நயத்தக்க பண்பினர், கை சுத்தமானவர். அந்தச் சுத்தத்தில் அவருக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

விசாரணை நடுவரானதும் அவர் உணர்வது என்ன? முத்திரைத் தாளில் நான்கு சொல் எழுதினால் எந்தப் பெரிய மனிதரும் தம் முன் வந்து நிற்க வேண்டும் என்பதை. அந்த அதிகாரத்தை அவர் ஒருபோதும் தவறாகப் பயன்படுத்தியதில்லை. அதன் கடுமையைக் குறைத்துக் காட்டவே முயன்றார். எனினும், அது தம்மிடம் இருக்கிறது என்ற உணர்வே அவருக்குப் பணியில் சுவையாக இருந்தது. டால்ஸ்டாயின் கண் எவ்வளவு நுட்பமானது! அதிகாரத்தைப் பயன்படுத்தாமலேயே அதைச் சுவைக்கலாம் என்பதை எந்தத் தணிக்கையாளர் கண்டுபிடிக்க முடியும்?

அடுத்து, அவர் கைவந்த கலையாக்கிக் கொண்ட ஒரு முறை. எவ்வளவு சிக்கலான வழக்கானாலும் அதிலிருந்து மனிதர் தொடர்பான அனைத்தையும் நீக்கிவிட்டுத் தாளில் எழுதத்தக்க புற வடிவத்தை மட்டும் நிறுத்துவது. இதை நாம் எளிதாகக் கண்டித்துவிட முடியாது. உறவு, சாதி, சிபாரிசு ஆகியவை கோப்புக்குள் நுழையாமல் காப்பதும் இதே முறைதான். ஆளைப் பாராமல் தீர்ப்பிடுவது நீதியின் இலக்கணம். ஆளையே காணாமல் தீர்ப்பிடுவது வேறு. இரண்டுக்கும் இடையே உள்ள கோடு மெல்லியது. இவான் இலியிச் அதை எப்போது தாண்டினார் என்று அவருக்கே தெரியவில்லை. 1880இல் எதிர்பார்த்த பதவி உயர்வு கைநழுவியபோது அவர் தலைநகருக்குச் செல்கிறார். எந்தத் துறையானாலும் சரி, வங்கியோ, இரயில்வேயோ, சுங்கமோ, 5,000 ரூபிள் சம்பளம் மட்டும் வேண்டும் என்கிறார். பணி என்பது யாருக்கோ செய்யும் தொண்டு என்ற நினைவு அதற்குள் முற்றிலும் மறைந்துவிட்டது. கையூட்டு ஒரு கோப்பெக்கூட இல்லை!

பிறகு நோய் வருகிறது. புகழ்பெற்ற மருத்துவரிடம் போகிறார். தாம் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரை எப்படிப் பார்த்தாரோ, அதே பார்வையால் மருத்துவர் தம்மைப் பார்ப்பதைக் காண்கிறார். பிழைப்பேனா, மாட்டேனா என்பது அவருடைய கேள்வி. மருத்துவருக்கோ அது பொருத்தமற்ற கேள்வி. சிறுநீரகமா, குடல்வாலா என்பதே அங்கே வழக்கு. அரசு அலுவலகத்தின் மறுபக்கத்தில், மனுவோடு நிற்பவன் இடத்தில், ஓர் அதிகாரியை நிறுத்திக் காட்டும் இதைப் போன்ற பகுதி வேறு இலக்கியத்தில் அரிது. 1842இல் கோகோல் எழுதிய 'மேலங்கி'யில் வரும் உயர் அதிகாரியும் ஓர் ஏழை எழுத்தரை அதட்டிச் சாகடித்தபின் வருந்துகிறார். ஆனால் அங்கே அதட்டல் இருக்கிறது. இங்கே அதட்டலே இல்லை. மரியாதை மட்டுமே இருக்கிறது. அதனால்தான் இது நம்மை அதிகம் சுடுகிறது. (பங்கு அலுவலகமும் ஓர் அலுவலகமே என்பதை என் உடன்குருக்கள் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.)

இனிக் குறைக்கு வருகிறேன். சாவுக்குச் சற்றுமுன் மனைவியின் வேண்டுகோளால் குரு அழைக்கப்படுகிறார். இவான் இலியிச் பாவசங்கீர்த்தனம் செய்கிறார், கண்ணீருடன் நற்கருணை பெறுகிறார், சிறிது ஆறுதலும் அடைகிறார். அந்த ஆறுதல் சில நொடிகளில் கரைந்து, குடல்வால் குணமாகுமோ என்ற ஆசையாகி விடுகிறது. மறுபடியும் ஓலம், மூன்று நாள் ஓயாத ஓலம். திருச்சபையின் போதனையிலிருந்து அப்போதே விலகியிருந்த டால்ஸ்டாய் அருட்சாதனத்தைச் சிறுமைப்படுத்துகிறார் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மனிதர் குருவிடம் எதைச் சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். இளமைக்கால ஒழுக்கக்கேடு, மனைவியிடம் காட்டிய கோபம், வழிபாட்டில் அசட்டை. நாற்காலியில் அமர்ந்து செய்தவை அப்பட்டியலில் வந்திருக்குமா? விதிப்படி செய்தவற்றை எவர் பாவமென்று அறிக்கையிடுவார்? திருப்பலியின் தொடக்கத்தில் சிந்தனை, சொல், செயல் ஆகியவற்றோடு கடமையில் தவறியதையும் நாம் அறிக்கையிடுகிறோம். கடமை என்று அங்கே சொல்லும்போது நம்மில் எத்தனை பேருக்கு அலுவலக மேசை நினைவுக்கு வருகிறது?

என் குறை அதுவன்று. இறுதி நேரத்தில் இவான் இலியிச் ஒளி பெறுகிறார். தம் கையை முத்தமிட்டு அழும் மகனைக் கண்டு இரங்குகிறார்; மனைவியிடம் மன்னிப்புக் கேட்க முயல்கிறார்; அச்சம் நீங்குகிறது. அழகிய முடிவு. ஆனால் அவர் முன் கூண்டில் நின்றவர்கள் எங்கே? நாவல் முழுவதிலும் அவர்களில் ஒருவருக்கும் முகமில்லை, பெயரில்லை. நடுவராக அவர் அவர்களைப் பார்க்கவில்லை என்று கண்டித்த ஆசிரியர், தாமும் அவர்களைப் பார்க்கவில்லை. மன்னிப்பு வீட்டுக்குள்ளேயே தொடங்கி வீட்டுக்குள்ளேயே முடிகிறது. பாவசங்கீர்த்தனத்தில் மனத்துயரும் அறிக்கையும் போக, பரிகாரமும் உண்டு என்று கற்ற நமக்கு இது போதாது. சக்கேயு ஆண்டவரை வீட்டில் வரவேற்றதோடு நிற்கவில்லை; ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தார். பணத்துக்கு அது எளிது, கணக்கு இருக்கும். காணாமல் விட்ட மனிதருக்கு எப்படி ஈடு செய்வது?

நம் நாட்டு விதிகளும் இந்த இடத்தில் தடுமாறியே வந்திருக்கின்றன. 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள் முழு நேர்மை, கடமைப்பற்று, பதவிக்குத் தகாதன செய்யாமை ஆகிய மூன்றை முதன்மையாகக் கேட்டன. இவான் இலியிச் மூன்றிலும் தேறியிருப்பார். 2014இல் செய்த திருத்தத்தில்தான் பொதுமக்களின், குறிப்பாக நலிந்த பிரிவினரின், தேவைக்குச் செவிசாய்க்க வேண்டும் என்பது தனியே எழுதப்பட்டது. நல்லதே. ஆனால் செவிசாய்க்காத காதை எந்த விசாரணைக் குழு நிரூபிக்கும்?

டால்ஸ்டாய் விட்ட இடத்தை நிரப்பியவர் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவா. 1952இல் இந்த நாவலின் தூண்டுதலால் 'இகிரு' என்ற படத்தை எடுத்தார். 'வாழ்தல்' என்பது அச்சொல்லின் பொருள். (2022இல் ஆங்கிலத்திலும் அது மறுவடிவம் பெற்றது.) நகராட்சியில் ஏறத்தாழ 30 ஆண்டு விடுப்பே எடுக்காமல் முத்திரை குத்திய வதனபே என்னும் பிரிவுத் தலைவருக்கு வயிற்றில் புற்றுநோய். படத்தின் தொடக்கத்திலேயே ஏழைத் தாய்மார் சிலர் வருகின்றனர். தங்கள் தெருவில் தேங்கும் சாக்கடையை மூடிப் பூங்கா அமைக்க வேண்டும் என்பது மனு. ஒவ்வொரு பிரிவும் அடுத்த பிரிவைக் காட்டுகிறது. சுற்றிச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்துக்கே வருகின்றனர். நம் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒருமுறை நின்றவருக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

வதனபே இறந்தபின் நடக்கும் நீத்தார் சடங்கில் துணை மேயர் முதலானோர் பூங்காவின் பெருமையைத் தமதாக்கிக் கொள்கின்றனர். அப்போது அந்தத் தாய்மார் உள்ளே வந்து படத்தின் முன் அழுகின்றனர். பெரியவர்கள் தலைகுனிந்து, விரைவில் எழுந்து போய்விடுகின்றனர். டால்ஸ்டாயிடம் நான் தேடிய முகங்கள் இவையே. அன்றிரவு மதுவின் வேகத்தில் இனி அவரைப் போல் உழைப்போம் என்று சூளுரைத்த சக ஊழியர்கள், மறுநாளே வந்த மனுவை வேறு பிரிவுக்கு அனுப்புகின்றனர். ஒருவர் மட்டும் எதிர்த்து எழுந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் கோப்புகளின் குவியலுக்குப் பின்னால் அமர்கிறார். குரோசவா நம்மை ஏமாற்றவில்லை.

வதனபே மனம் மாறிய விதமும் கவனிக்கத்தக்கது. தம் நோயை அறிந்தபின் அவர் முதலில் மதுக்கடைகளுக்குப் போகிறார். பிறகு சிரிக்கத் தெரிந்த ஓர் இளம்பெண்ணின் துணையை நாடுகிறார். இரண்டும் கைகொடுக்கவில்லை. பல நாள் கழித்து அலுவலகத்துக்குத் திரும்புகிறார். மேசையில் குவிந்த தாள்களைப் புரட்டி, அந்தத் தாய்மாரின் மனுவை எடுக்கிறார். இது பொறியியல் பிரிவுக்குப் போக வேண்டியது என்கிறார் உதவியாளர். வதனபே மறுத்துவிட்டு, இடத்தைப் பார்க்கப் புறப்படுகிறார்.