மூலமும் உரையும்: கவசப்போர் விளையாட்டும் இடைக்கால ஐரோப்பிய இலக்கியமும்

நூலுக்கு உரை சொல்லால் அமைவது பெருவழக்கு. செயலால் அமையும் உரையும் உண்டு. நாடக நூலை மேடையில் நடித்துக் காட்டும் கூத்தன், அந்நூலின் பொருள் இன்னதெனத் தன் மெய்ப்பாட்டால் உரைக்கின்றான். அவன் கொண்ட பொருள் மூலத்துக்கு ஏற்றதா, அன்றித் தன் காலத்துக் கருத்தை அதன்மேல் ஏற்றிக் கூறியதா என ஆராய்தல் திறனாய்வாளர் கடனாகும். இக்கட்டுரை, ஐரோப்பாவில் இந்நூற்றாண்டில் தோன்றி வளர்ந்துவரும் கவசப்போர் விளையாட்டினை இத்தகைய ஓர் உரையாகக் கொண்டு, அதனை அதன் மூல நூல்களோடு ஒப்பிட்டு நோக்க முயல்கின்றது.

1. விளையாட்டின் இயல்பு

2010ஆம் ஆண்டில் உக்ரைன் நாட்டுக் கொத்தின் கோட்டையில் உருசியா, உக்ரைன், பெலாரசு, போலந்து ஆகிய நான்கு நாட்டினர் எஃகுக் கவசம் பூண்டு, மழுங்கிய வாளும் கோடரியும் தண்டும் ஏந்தித் தம்முள் பொருதனர். 'நாடுகளின் போர்' என அவ்விழா பெயர் பெற்றது. பின்னர் அது வார்சா (2012), பிரான்சின் தென்கரையிலுள்ள ஏகுமோர்த்து (2013), பிராகு (2015), ரோம் (2018) முதலிய இடங்களில் நிகழ்ந்தது. பங்கு கொண்ட நாடுகளும் பலவாயின. 2013இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்றும் நிறுவப்பெற்றது. குழுவாகப் பொரும் இவ்வகைக்குப் 'புகுர்த்து' என்பது பெயர். இது பழைய பிரஞ்சு மொழியிலும் இடைக்கால செருமானிய மொழியிலும் போர்விளையாட்டைக் குறித்து வழங்கிய சொல்லாகும்.

இது முன்னரே வகுத்த அடவுப்படி நடித்துக் காட்டும் போரன்று. அடிகள் மெய்யாகவே முழு வன்மையுடன் விழுகின்றன. கவசத்தின் எடை பெரும்பாலும் 25 முதல் 35 கிலோ வரை இருக்கும். ஒவ்வோர் உறுப்பும் அகழ்வில் கிடைத்த பொருளையோ பழைய ஓவியத்தையோ சிற்பத்தையோ சான்றாகக் கொண்டு அமைதல் வேண்டும் என்பது விதி. குத்துதல் விலக்கப்பட்டது, பிடரி, முழங்காலின் பின்புறம், பாதம் ஆகியவற்றில் அடித்தலும் விலக்கப்பட்டது. குழுப்போரில் அடிகளை எண்ணுவதில்லை. இரு பாதங்களையன்றி உடலின் வேறோர் உறுப்பு நிலத்தில் ஊன்றப்படுமாயின் அவ்வீரர் வீழ்ந்தவராகக் கருதப்பட்டு அச்சுற்றினின்றும் நீங்குவர். எக்குழுவில் நிற்போர் எஞ்சுகின்றனரோ அக்குழு வென்றதாகும். எனவே, இவ்விளையாட்டில் வெற்றி என்பது வீழாமையே. வாள்வன்மையினும் மற்பிடியும் மூச்சடக்கமும் துணைவரை விட்டு விலகாமையும் ஈண்டு மிகுதியும் வேண்டப்படுகின்றன. இவ்வொரு விதியே பின்வரும் ஒப்பீட்டுக்கு அடிப்படையாகும்.

2. மக்கள் மூலமெனக் கருதுவது

இடைக்காலப் போர்விழா என்றவுடன் கற்றோர் உள்ளத்தில் எழும் காட்சி பெரும்பாலும் சர் வால்ட்டர் ஸ்காட்டின் ஐவன்ஹோ புதினம் தந்ததேயாகும். 1819ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த அந்நூலின் கதை 1194ஐ ஒட்டி நிகழ்வது. ஆஷ்பி என்னும் ஊரில் இருநாட் போர்விழா நடைபெறுகின்றது. முதல்நாள் இருவர் இருவராக ஈட்டியுடன் குதிரைமேல் மோதுகின்றனர். மறுநாள் குழுப்போர் நிகழ்கின்றது. வேலியிட்ட களம், உயர்ந்த மேடைகள், பெயர் மறைத்து வரும் வீரன், அவன் முடிசூட்டும் அழகி ஆகிய அனைத்தும் ஒருங்கே அமைந்துள்ளன.

காட்சியின் அழகில் ஐயமில்லை. காலப்பொருத்தம் அவ்வாறன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் போர்விழா வேலிக்குள் அடங்கியதன்று. இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட வயலும் தோப்பும் தெருவும் அதன் களமாயின. இங்கிலாந்தின் முதலாம் ரிச்சர்டு மன்னன் அதே 1194ஆம் ஆண்டில் போர்விழாக்களுக்கென ஐந்து இடங்களை வரையறுத்தபோது, அவற்றைப் பெரும்பாலும் இன்ன ஊருக்கும் இன்ன ஊருக்கும் இடைப்பட்ட நிலம் என்றே குறித்தான். உரிமக் கட்டணமாகக் கோமகன் 20 மார்க்கும், பெருநிலக்கிழான் 10 மார்க்கும், நிலமுடைய வீரன் 4 மார்க்கும், நிலமற்றவன் 2 மார்க்கும் செலுத்துதல் வேண்டும் என்பது அவன் ஆணை. ஸ்காட் காட்டும் வேலியிட்ட களம் பிற்கால நூற்றாண்டுகளின் வழக்கைப் பெரிதும் தழுவியது. அதனை அவர் முன்னைக் காலத்தின்மேல் ஏற்றினார் எனக் கொள்ளலாம்.

எனினும், அந்நூலில் ஓரிடம் கூர்ந்து நோக்கத்தக்கது. விழாவின் இழப்பைத் தொகுத்துக் கூறுமிடத்து, களத்தில் இறந்த நால்வருள் ஒருவன் தன் கவசத்தின் வெப்பத்தால் மூச்சுமுட்டி இறந்தான் என்று ஆசிரியர் ஒரு தொடரில் சொல்லி மேற்செல்கின்றார். நூற்றுக்கணக்கான வரிகளில் அவர் வருணித்த வாள்வீச்சினும் இவ்வொரு தொடரே கவசம் பூண்டவன் நிலையை உள்ளவாறு உணர்த்துகின்றது. இன்றைய விளையாட்டினரும் எதிரியின் கோடரிக்கு அஞ்சுவது ஒருபுறமிருக்க, தம் கவசத்துள் எழும் வெப்பத்துக்கும் மூச்சிளைப்புக்கும் அஞ்சுகின்றனர். ஸ்காட்டின் சுவைஞர்களோ இத்தொடரைக் கைக்கொண்டிலர். 1839இல் ஸ்காத்துலாந்தின் எக்ளிந்தன் கோமகன் எடுத்த போர்விழா, ஈட்டிப் போட்டியையும் ஊர்வலத்தையுமே பெரிதாகக் கொண்டது. முதல்நாள் பெய்த பெருமழை அக்காட்சியையும் குலைத்தது.

3. ஒரே நிலம், ஒரே காலம், இரு நூல்கள்

இனிப் பழைய நூல்களுக்கு வருவோம். கிரெத்தியன் த துரோயே என்னும் பிரஞ்சுப் புலவர், சம்பாஞ் நாட்டுக் கோமகள் மரீயின் ஆதரவில் 1170களின் இறுதியை ஒட்டி இலான்சலாத்தின் கதையைப் பாடினார். அதில் நொவாசு என்னுமிடத்துப் போர்விழாவில் அரசி கினிவீயர், தன் காதலன் மிக இழிவாகப் பொருதல் வேண்டுமெனச் செய்தி விடுக்கின்றாள். அவன் கோழை போல் ஒதுங்குகின்றான், ஏளனத்தையும் ஏற்கின்றான். பின்னர் அவள் சிறப்பாகப் பொருக எனப் பணித்தபோது களம் முழுவதையும் வெல்கின்றான். அகப்பொருள் நோக்கில் இது நுண்ணிய புனைவு. ஆயின், இங்குக் களம் என ஒன்று இல்லை. தோல்வியும் வெற்றியும் தலைவனின் விருப்பத்தைப் பொறுத்தன. பிறர் அனைவரும் அவன் வெல்லுதற்கென்றே படைக்கப்பட்டவர்.

அதே பதிற்றாண்டில், அதே வட பிரான்சில் நிகழ்ந்த போர்விழாக்களைக் கூறும் மற்றொரு நூல் வில்லியம் மார்ஷலின் வரலாறு. மார்ஷல் 1219இல் மறைந்தபின் அவர் மகனின் விருப்பப்படி ஜான் என்னும் புலவர் இதனைப் பாடினார். ஏறத்தாழ 19,000 அடிகளைக் கொண்ட இந்நூல் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. 1861இல் இலண்டன் ஏல விற்பனை ஒன்றில் ஏட்டினைக் கண்ட பால் மெயர், பல்லாண்டு தேடி மீண்டும் அதனைக் கண்டு, 1891 முதல் 1901 வரை பதிப்பித்தார். ஏடு தேடி அலைந்த பதிப்பாசிரியர் வரலாற்றை நன்கறிந்த நம்மனோர்க்கு இச்செய்தி புதுமையுடையதன்று.

இந்நூலுள் வரும் மூன்று நிகழ்ச்சிகளைச் சுட்டுவது போதும். முதலாவது, பிளாண்டர்சுக் கோமகன் பிலிப்பு, இரு திறத்தாரும் பொருது இளைக்கும் வரை தன் குழுவினருடன் விலகி நின்று, அவர்கள் அணி குலைந்தபின் பாய்ந்து வெல்லுகின்றான். பின்னர் இளவரசன் ஹென்றியின் குழுவினரும் இச்சூழ்ச்சியைக் கற்று மேற்கொள்கின்றனர். இரண்டாவது, மார்ஷலும் மற்றொரு வீரனும் ஆதாயத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் உடன்பாடு செய்து, ஏறத்தாழப் பத்துத் திங்களில் 103 வீரரைச் சிறைப்பிடித்து மீட்புப்பொருள் பெறுகின்றனர். அத்தொகை எழுத்தர் கணக்கினின்றும் எடுத்துக் கூறப்படுகின்றது. மூன்றாவது, சம்பாஞ்சின் புளோர் என்னுமிடத்து விழா முடிந்தபின் சிறந்தவர்க்குரிய பரிசாகப் பெருமீன் ஒன்றை மார்ஷலுக்கு அளிக்கத் தேடி வருகின்றனர். அவரோ கொல்லனின் பட்டடைக்கல்மேல் தலையை வைத்துக் குனிந்திருக்கின்றார். அடிபட்டு நசுங்கிய தலைக்கவசம் கழலாமையால் கொல்லன் அதனைச் சம்மட்டியும் குறடும் கொண்டு பிரித்தெடுக்கின்றான்.

புகழ்ச்சி நூலாசிரியர் எதனை மறைக்கவில்லையோ அதனை அக்காலம் இழிவென எண்ணவில்லை என்பது திறனாய்வில் கொள்ளத்தக்க ஒரு நெறி. காத்திருந்து பாய்தலும், ஆதாயம் கருதுதலும், பட்டடைக்கல்மேல் தலை வைத்தலும் மார்ஷலின் பெருமைக்குக் குறைவாகப் பாடப்படவில்லை. இன்றைய கவசப்போர் வீரர் ஒருவர் கிரெத்தியனின் நூலில் தம் விளையாட்டைக் காணார். மார்ஷலின் நூலில் உடனே காண்பர். இளைத்தவரை நோக்கி ஓய்ந்திருந்தவர் பாய்வதும், நெளிந்த கவசத்தைக் களத்தருகே தட்டி நிமிர்த்துவதும் இன்றும் நிகழ்வன. இவ்வளவில் இவ்வுரை மூலத்துக்கு இயைந்த உரையே.

4. விதியின் மூலம்

கவசப்போர் விளையாட்டின் விதிகளுக்கு நெருங்கிய மூலத்தைப் பதினைந்தாம் நூற்றாண்டில் காண்கிறோம். அஞ்சு நாட்டுக் கோமகன் இரெனே 1460ஐ ஒட்டிப் போர்விழா நடத்தும் முறை குறித்து ஓவியங்களுடன் ஒரு நூல் ஆக்கினான். அவன் கூறும் படைக்கலங்கள் மழுங்கிய வாளும் தண்டுமே. வாளின் அலகு நான்கு விரல் அகலமுடையதாதல் வேண்டும். முகமூடியின் துளை வழியே புகாமைக்காக இவ்வளவு விதிக்கப்பட்டது. விளிம்பு ஒரு விரல் தடிப்பு இருத்தல் வேண்டும். தலைக்கவசத்தின் முன்புறம் கம்பிச் சட்டம் போன்றது. நடுவர் படைக்கலங்களை அளந்து ஏற்ற பின்னரே அவை களம்புகும். முகமூடி வழியே வரும் முனை எத்துணைக் கொடியது என்பதனைப் பிற்காலம் மெய்ப்பித்தது: 1559இல் பிரான்சு மன்னன் இரண்டாம் ஹென்றி ஈட்டிப் போட்டியில் முறிந்த ஈட்டியின் சிம்பு கண்ணருகே பாய்ந்தமையால் உயிர் நீத்தான். இன்றைய விளையாட்டு குத்துதலை அறவே விலக்கியது இவ்வச்சத்தின் வழிவந்த தெளிவேயாகும்.

இரெனேயின் விதிகளுள் மிக அழகியது ஒன்று உண்டு. குற்றம் செய்த வீரனைப் பிறர் கூடி அடிக்குங்கால், பெண்டிர் தேர்ந்த வீரன் ஒருவன் அவர் தந்த தலைத்துகிலை ஈட்டி நுனியில் ஏந்தி வந்து, அடிபடுவோன்மேல் தாழ்த்துவான். துகில் பட்டவுடன் அடி நிற்றல் வேண்டும். இன்றைய களத்தில் துகில் இல்லை. கொடியும் கூவலும் கொண்டு நிறுத்தும் நடுவர் உளர். அந்நடுவர்க்கு 'மார்ஷல்' என்பதே பெயர்.

5. உரை மூலத்தை விட்டு நீங்கும் இடங்கள்

இதுகாறும் பொருத்தம் கூறினோம். இனி வேறுபாடும் கூறுதல் முறை. மார்ஷலின் போர்விழாவும் இரெனேயின் போர்விழாவும் குதிரைமேல் நிகழ்ந்தவை. இன்றைய குழுப்போர் தரைமேல் நிகழ்வது. வீழாமையே வெற்றி என்னும் விதி இம்மாற்றத்தின் விளைவாகும். இரெனேயின் களத்துள் குலமரபு காட்டாதவன் நுழைய இயலாது. குலத்தில் தாழ்ந்தவளை மணந்தவனும் வட்டிக்குப் பணம் கொடுத்தவனும் அங்கே அடிபடுவர். இன்றைய களத்தில் கவசம் வாங்கவும் பயிலவும் வல்ல எவரும் நுழையலாம். பெண்டிர்க்கும் தனிப் பிரிவு உண்டு. மீட்புப்பொருள் முற்றிலும் நீங்கியது. திருச்சபையின் தடையும் இல்லை. 1139இல் இரண்டாம் இலாத்தரன் சங்கம் உறுதி செய்த அத்தடை 1316இல் தான் நீங்கியது என்பதையும், களத்தில் இறந்தோர்க்குத் திருச்சபை அடக்கம் அந்நாளில் மறுக்கப்பட்டது என்பதையும் நினைத்தல் வேண்டும். மார்ஷலின் தலைமுறையினர் தம் ஆன்மாவையே பணயமாக வைத்துப் பொருதனர்.

ஆகவே இவ்விளையாட்டு, மூலத்தின் அடிகளுள் தனக்கு வேண்டியவற்றைச் சேய்மையிலிருந்து எடுத்துத் தன் கருத்துக்கேற்பக் கொண்டுகூட்டிப் பொருள் உரைக்கும் உரையாசிரியரை ஒத்தது. மெய்யைக் குறித்த பகுதியில் அவ்வுரை மிக வலியது. சமுதாயத்தைக் குறித்த பகுதியில் பேசாது விட்டது. தலைக்கவசத்தின் ஆணியளவும் சான்று தேடுவோர், அத்தலைக்கவசத்தை அணிந்தவன் யார் நிலத்தின் விளைவால் அதனைப் பெற்றான் என வினவுவதில்லை. 'உள்ளவாறே இடைக்காலம்' என இதனை உரைப்போர் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

6. விளையாட்டும் கொலையும்

1200ஐ ஒட்டித் தோன்றிய செருமானியக் காப்பியமாகிய நிபெலுங்கர் பாடலில் இவ்விளையாட்டின் பெயரே வருகின்றது. எட்சல் மன்னன் அவையில் இரு திறத்தாரும் புகுர்த்து ஆடுங்கால், தன்னை மிக ஒப்பனை செய்து வந்த ஹூணன் ஒருவனைப் போல்கர் என்னும் வீரன் வேண்டுமென்றே ஈட்டியால் குத்திக் கொல்கின்றான். பெருங்கொலைக்கு அதுவே முன்னறிகுறி. அரசன் அதனைத் தற்செயல் எனக் கூறி அடக்குகின்றான். கேட்போர் உண்மை அறிவர். படைக்கலம் வேறுபடவில்லை, ஆட்டமும் வேறுபடவில்லை. உள்ளத்து உடன்பாடு மட்டுமே ஒழிந்தது. அது ஒழிந்தவுடன் விளையாட்டு போராயிற்று.

இக்காட்சியை ஏட்டில் மட்டும் கற்பவர் போல்கரின் செயலைச் சினத்தின் விளைவாக மட்டும் கொள்வர். கவசப்போரின் இயல்பை அறிந்து கற்பவர், அங்கே முறிந்தது விளையாடுவோர் அனைவரையும் காத்துநின்ற ஓர் உடன்படிக்கை என்பதையும் உணர்வர். முழு வன்மையுடன் அடித்தும் கொல்லாதிருத்தல் கவசத்தால் மட்டும் அமைவதன்று; அடிப்பவன் விதிக்குத் தன்னை ஒப்புவித்தலால் அமைவது. கிரெத்தியனின் தலைவன் காதலியின் சொல்லுக்கு அடங்கினான். இரெனேயின் வீரர் துகிலுக்கு அடங்கினர். இன்றையோர் நடுவரின் கொடிக்கு அடங்குகின்றனர். போர்விழாவைப் பாடிய நூல்கள் வலிமையைப் பாடின என்பது பொதுக் கருத்து. அவை வலிமை அடங்கும் இடத்தையும் உடன் பாடின என்பதே இவ்வொப்பீட்டால் பெறப்படும் முடிபாகும்.